சாட்சித் துண்டு

கோயம்புத்தூரில் பேரிங் செய்யும் ஒரு கம்பெனியின் உலைப் பகுதியில்தான் நான் கடைசியாக வேலை பார்த்தேன். ஒவ்வொரு முறை உலையைத் திறக்கும்போதும், சரக்கோடு சேர்ந்து வெந்த ஒரு சின்னத் துண்டை எடுத்துக் கம்பியில் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவேன். அங்கே துருவைச் சோதிக்கவென்றே உப்புத் தண்ணீரைப் புகையாக அடிக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதனால் பையன்களுக்கு என் வேலை வேடிக்கை. "பெரியவர் கம்பெனிக்குத் திருஷ்டி கட்டுறாரு" என்பார்கள். நான் ஓய்வு பெற்றபோது, அது எதற்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

சொந்த ஊர் அய்யம்பாளையம். அப்பா கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வத்தலக்குண்டில் லாரி கிளீனர், மதுரையில் மில்லுக்கு எண்ணெய் போடுகிறவன், தூத்துக்குடியில் உப்பு அள்ளுகிறவன் என்று பல ஊரில் பல வேலை செய்தேன். அதுவரை எந்த இடத்திலும் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, கால்தான் நிற்காது.

கொடைக்கானலுக்கு நான் வேலை தேடிப் போகவில்லை. உருளைக்கிழங்கு ஏற்றப் போன லாரியின் கியர் பல் உடைந்து மூஞ்சிக்கல் பக்கம் நின்றுவிட்டது. டிரைவர் என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். என்னிடம் ஒரு சட்டையும் ஒரு துண்டும் இருந்தன. குளிர் தாங்காமல், கியரைச் செப்பனிடக் கொடுத்திருந்த பட்டறைக்குள் போய் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தவனிடம் துருத்தியைக் கொடுத்தார்கள். லாரி போய்விட்டது, நான் போகவில்லை. ஐம்பதுகளின் கடைசி அது. வேலையின் மேல் ஆசை வந்து நான் அங்கே தங்கவில்லை. அந்த ஊரில் ராத்திரியும் பகலும் சூடாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

பட்டறைக்குப் போர்மேன் சவரிமுத்து. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். திருச்சிப் பக்கம் ஒரு ரயில் பட்டறையில் உருக்குக்குப் பதம் வைக்கக் கற்றவர். ஏன் அங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. நன்றாக வந்த வேலையை அவர் நன்றாக வந்தது என்று சொல்லிக் கேட்டதில்லை. "கட்டிக் குடு" என்பார். அவ்வளவுதான் பாராட்டு. கெட்ட வேலையைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போய்ப் பீடி பற்றவைப்பார். அது முடிந்து அவர் திரும்பி வருவதற்குள் அந்த வேலையைச் செய்தவன் மறுபடி உலையை மூட்டியிருக்க வேண்டும்.

கீழ்நாட்டில் பல்சக்கரம் தேய்ந்து சாகும். மலையில் துருப்பிடித்துச் சாகும். மூடுபனி எந்த மூடிக்குள்ளும் நுழையும். ராத்திரி நின்ற எஞ்சினை வெள்ளனே திறந்து பார்த்தால் உள்ளே வியர்த்திருக்கும். அந்த ஈரத்தில் பேரிங் குண்டுகளின் மேல் கடுகு கடுகாகப் புள்ளி விழும். பல்சக்கரத்தின் பல்லடியில் விழும் புள்ளி இன்னும் மோசம். அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். ஆகவே எங்கள் பட்டறையின் முக்கியச் சோலி, உருக்கைக் கடினமாக்குவதோடு துருவுக்கும் கொஞ்சம் தாங்கும்படி செய்து அனுப்புவது.

சாதாரண உருக்குக்கு வழி இது. சக்கரத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். அப்படியே விட்டால் உடையும். அதனால் ஒரு முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கி, கீழே தீ எரியும் கனத்த இரும்புத் தகட்டின் மேல் வைக்க வேண்டும். சூடு ஏற ஏற அந்த வெள்ளை முகத்தில் நிறம் வரும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, கடைசியில் நீலம். எந்த நிறத்தில் எடுக்கிறோமோ அந்தப் பதம். பேரிங் வளையம், மூடி போன்றவற்றை நீலம் தாண்டவிட்டுச் சூட்டோடு எண்ணெயில் போட்டால் கறுப்பாக ஒரு தோல் பிடித்துக்கொள்ளும். அந்தத் தோல் ஒரு மழைக்காலத்துக்குத் துருவைத் தள்ளி வைக்கும்.

நிறம் பார்ப்பது போர்மேன் ஒருவர்தான். தகட்டுக்கு முன்னால் நிற்குமுன் குளிர்ந்த தண்ணீரில் கண்ணைக் கழுவுவார். ஜன்னலைச் சாத்தச் சொல்வார். கரி படிந்த சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் சக்கரத்தின் பக்கம் திரும்புவார். அப்போது யாராவது இருமினால்கூடக் கையை நீட்டி வாசலைக் காட்டுவார். பட்டறையில் உஷ்ணமானி ஒன்று இருந்தது. உடைந்து வெகு காலம் ஆகியிருந்தது. அதை மாற்றித் தரச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

அவர் வைத்திருந்த இன்னொரு வழக்கம்தான் இந்தச் சாட்சித் துண்டு. எந்த இரும்பில் சக்கரம் செய்ததோ அதே கம்பியில் விரல் நீளம் ஒன்றை வெட்டி, சக்கரத்தோடு உலையில் வைத்து, சக்கரத்தோடு முக்கி, சக்கரத்தோடு தகட்டில் வைத்து எடுத்து, தகரக் கூரையின் விளிம்பில் தொங்கவிடுவோம். சக்கரம் ஊருக்குப் போய்விடும், துண்டு பனியில் கிடக்கும். துண்டு துருப்பிடிக்கும் விதத்தைப் பார்த்தால், எங்கோ ஒரு எஞ்சினுக்குள் இருக்கும் சக்கரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். கூரை விளிம்பில் எப்போதும் வரிசையாக இருபது, முப்பது துண்டுகள் காற்றில் தட்டிக்கொண்டு இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி. பெருமாள்மலைக்குக் கீழே, ரோட்டோரம் ஒரு வின்ச் கொட்டகை இருந்தது. பள்ளத்தில் இருந்த ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து மூட்டைகளைக் கம்பிவடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டியில் வைத்து ரோட்டுக்கு இழுப்பார்கள். டீசல் எஞ்சின் கையகலச் சின்னச் சக்கரம் ஒன்றைச் சுற்றும், அது பெரிய சக்கரத்தைச் சுற்றும், பெரிய சக்கரம் வடம் சுருட்டும் உருளையைச் சுற்றும். அந்தச் சின்னச் சக்கரம் மழைக்கு மழை துருப்பிடித்துப் பல் உடைந்துகொண்டே இருந்தது. தோட்டக்காரர்கள் அலுத்துப்போய், குரோமியம் கலந்த துருவேறா உருக்கில் ஒன்றை மதுரையில் வெட்டிக்கொண்டு வந்து எங்களிடம் பதம் வைக்கக் கொடுத்தார்கள். அந்த உருக்கு எங்கள் பட்டறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

கடினமாக்கும் வரை தொந்தரவு இல்லை. வழக்கத்தைவிட அதிகச் சூடு கேட்டது, கொடுத்தோம். எண்ணெயில் முக்கினோம். அரம் போட்டுப் பார்த்தால் பிடிக்காமல் வழுக்கியது, அவ்வளவு கடினம். பிறகு தகட்டில் வைத்தோம். போர்மேன் கண்ணைக் கழுவிவிட்டு வந்து நின்றார். அவருக்கு வேண்டியது வைக்கோல் நிறம்.

நிறம் வரவில்லை. இன்னும் கரி போடச் சொன்னார். போட்டேன். வரவில்லை. துருத்தியை வேகமாக ஊதச் சொன்னார். சக்கரம் வெள்ளை வெளேர் என்று உட்கார்ந்திருந்தது. சக்கரத்தில் தழும்பு விழாமல் தட்டவென்று என் சுத்தியலுக்கு ஈய மூக்கு வார்க்க வைத்திருந்த காரீயக் கட்டி ஒன்று தகட்டின் ஓரத்தில் கிடந்தது. அது உருகி ஓடியது.

"அண்ணே, ஈயம் உருகிப்போச்சு" என்றேன். என் ஈயம் போகிறதே என்றுதான் சொன்னேன்.

"உருகட்டும். நெறம் வரலையே" என்றார்.

"தகடு ரொம்பக் காயுதுண்ணே."

"இது தோலு கெட்டியான உருக்குடா. ஊது."

கடைசியில் வந்தது, அழகான வைக்கோல் நிறம். உடனே எடுத்தார். "கட்டிக் குடு" என்றார். சக்கரம் வின்ச்சுக்குப் போய் மாட்டப்பட்டது. துண்டு கூரைக்குப் போனது.

அந்த வாரம் மழை விடவில்லை. ஒரு காலையில் நான் கரி உடைத்துக்கொண்டிருந்தேன். போர்மேன் கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பீடி கையிலேயே எரிந்து விரலைச் சுட்டது. அவர் உதறவில்லை.

"ராசு. அந்தக் கடைசித் துண்டை எறக்கு."

இறக்கினேன். துருவே ஏறாது என்று கொண்டுவந்த உருக்கில், மிளகுத்தூள் தூவினாற்போல் துரு. பக்கத்தில் சாதாரண உருக்கில் எண்ணெய் குடித்துக் கறுத்த துண்டு ஒன்று சுத்தமாக இருந்தது.

அவர் துண்டை இரும்புப் பிடியான வைஸில் இறுக்கிச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். ஒரே அடியில் கல்கண்டு மாதிரி உடைந்து ஒரு பாதி மூலைக்குப் பறந்தது. உடைந்த முகத்தில் மணி மணியாகத் தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தகட்டின் ஓரத்தைப் பார்த்தார். உருகிய ஈயம் அங்கே இன்னும் அப்பிக் கிடந்தது.

"நீ சொன்னே" என்றார்.

நான் மூலைக்குப் பறந்த மறு பாதியைப் பொறுக்கித் தகட்டோரம் வைத்தேன்.

"நம்ம உருக்குக்கு ஈயம் உருகறதுக்கு முன்னாலேயே நெறம் வந்து போயிரும். இதுக்கு ஈயம் உருகின பெறகுதான் நெறமே வருது. குரோமியம் சீக்கிரம் நெறம் காட்டாது போல. நான் நெறத்துக்காகக் காத்துக்கெடந்து உசிரை வேக வச்சுட்டேன். துருவும் பிடிக்குது, ஒடையவும் செய்யுது." துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வண்டியை எடுக்கச் சொல்லு. வெரசா."

பட்டறையின் பழைய ஜீப்பில் அவர், நான், டிரைவர் மூவரும் போனோம். அவர் கொண்டுவந்த பெட்டியில் தடித்த இரும்புக் கூடு ஒன்று, கரித்தூள், இடுக்கி, பற்றுவைக்கும் ஈயக் கம்பி, மண்ணெண்ணெய் எல்லாம் இருந்தன. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் போனோம். ஆனால் அவர் எங்கும் வெறுங்கையோடு போகிறவர் இல்லை.

கொட்டகை வாசலில் கூட்டம். வின்ச் ஓட்டும் ஹமீது பாய் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடையில் அடுப்பு எரிந்தது, கடைக்காரி இல்லை. அவள் உள்ளே, பள்ளத்துக்குப் பேசும் டெலிபோன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சி என்று பெயர். அவள் புருஷன் மூக்கன் கீழே தொட்டியில் மூட்டை ஏற்றுகிறவன். அன்று காலை மழையில் வேர் பெயர்ந்த சில்வர் ஓக் மரம் ஒன்று அவன் காலின் மேல் விழுந்திருந்தது. ஓடையில் வெள்ளம் வந்து மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போனதால் அவனைச் சுமந்து வர வழி இல்லை. மேலே வர அந்தத் தொட்டி ஒன்றுதான் பாக்கி.

போர்மேன் டெலிபோனை வாங்கிக் காதில் வைத்தார். கீழே இருந்த தோட்டத்துக் கம்பவுண்டர் பேசியது எனக்கும் கேட்டது. "ரத்தம் நிக்கத் தொடையிலே இறுக்கிக் கட்டுப் போட்டிருக்கேன் சார். காலு கறுத்துக்கிட்டு வருது. பொழுது சாயறதுக்குள்ளே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுக்கு மேலே போனா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லே."

அப்போது காலை பத்து மணி இருக்கும்.

"சக்கரத்தைக் கழட்டணும்" என்றார் போர்மேன்.

ஹமீது பாய் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். "வெளையாடுறீங்களா போர்மேன்? அந்தா ஆளு கெடக்கான். இப்பப் போயி கழட்டுறதா?"

"நான் வச்ச பதம் தப்பு."

"நாலஞ்சு நாளா மூட்டை ஏறுதே. ஒரு சத்தம் இல்லையே."

"மூட்டை விழுந்தா யாரும் அழ மாட்டாங்க பாய்."

பையிலிருந்து துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். பாய் அதைப் புரட்டிப் பார்த்தார். துருவைப் பார்த்தார், உடைந்த முகத்தைப் பார்த்தார். "பல்லு போச்சுன்னா?" என்று கேட்டார்.

"உருளை அவுந்துக்கிட்டு ஓடும். உங்க பிரேக்குக் கட்டை நனைஞ்சு கெடக்கு. பிடிக்குமா?"

பாய் கட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பேச்சி இடையில் வந்தாள். "எனக்கு இரும்புக் கதை வேண்டாம். இழுப்பீங்களா மாட்டீங்களா?"

போர்மேன் அவளிடமும் மறைக்கவில்லை. "இப்படியே இழுத்தா நல்லாவும் வந்து சேரலாம். பாதி வழியிலே பல்லு ஒடைஞ்சு கீழேயும் போகலாம். எனக்கு நெசமாத் தெரியலை. பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணித் திரும்பினா இருட்டிரும், இருட்டிலே பனிக்குள்ளே தொட்டி ஓட்ட முடியாது. இங்கேயே சரி பண்ணா மத்தியானம் தாண்டிரும். சரி பண்றதிலேயும் சக்கரம் வெடிச்சுப் போகலாம். வெடிச்சுதுன்னா வேற சக்கரம் கெடையாது."

அவள் டெலிபோனைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். "தப்புப் பண்ணது யாரு?"

"நான்."

"அப்போ நீங்களே சரி பண்ணுங்க. தள்ளி நின்னு பேசுனா என்ன ஆகும்?"

கொட்டகைக்குப் பின்னால் வடத்துக் கொக்கிகளை வளைக்க ஒரு சின்னக் கொல்லுலை இருந்தது. ஹமீது பாயும் நானும் சக்கரத்தைக் கழற்றினோம். போர்மேன் இரும்புக் கூட்டில் கரித்தூள் பரப்பி, சக்கரத்தையும் பையில் கொண்டுவந்த துண்டின் பாதியையும் அதற்குள் புதைத்து மூடி, விளிம்பில் களிமண் அப்பினார். கரித்தூள் இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் உருக்கின் மேல்தோல் வீணாகிவிடும். நான் துருத்தி ஊதினேன். கூடு சிவப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சளை நோக்கிப் போகும்வரை ஊதினேன். என் வலது உள்ளங்கைத் தோல் உரிந்து துருத்திப் பிடியில் ஒட்டிக்கொண்டது. மாற்றி ஊத ஆள் வந்தபோது போர்மேன் வேண்டாம் என்றார். ஊதும் கை மாறினால் தீ மாறும் என்பது அவர் கணக்கு.

மூடி திறந்ததும் சக்கரத்தை இடுக்கியில் எடுத்து எஞ்சின் எண்ணெய் டின்னில் இறக்கினார். புகை எழும்பிக் கொட்டகை மறைந்தது. ஒருமுறை கடினமான உருக்கை மறுபடி முக்கும்போது அது வெடிக்கும் வாய்ப்பு அதிகம். வெடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்க வேண்டும். போர்மேன் கையைத் தூக்கினார். வாசலில் இருந்த கூட்டம் பேச்சை நிறுத்தியது. தகரத்தின் மேல் மழைச் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்துக்குள் ஒரு 'டிக்' வருகிறதா என்று நாங்கள் நின்றோம். டெலிபோன் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

வரவில்லை.

சக்கரத்தைக் கை பொறுக்கும் சூட்டில் வெளியே எடுத்தார். முழுக்க ஆறவிட்டால் பிறகுகூட வெடிக்கும். உடனே இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். நான் தகடு தேடினேன்.

"தகடு வேண்டாம். நெறமும் வேண்டாம்" என்றார். அவர் பார்வை டீக்கடை அடுப்பின் மேல் இருந்தது. கடலை எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த வடைச் சட்டி.

"பேச்சி, வடை போடறப்போ எண்ணெய் எவ்வளவு காயணும்?"

"கேக்குற நேரமா இது?"

"சொல்லு."

"மாவைக் கிள்ளிப் போட்டா அடியிலே தங்கக் கூடாது. உடனே மேலே வரணும். வந்ததும் கருகவும் கூடாது. அதான் சூடு."

"அதே சூட்டிலே ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா? ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது."

"நாள் முழுக்க அதைத்தானே செய்யறேன்" என்றாள்.

பற்றுவைக்கும் ஈயக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி நூல்கம்பியில் கட்டி எண்ணெய்க்குள் தொங்கவிட்டார். காரீயத்தைவிட அது மிகச் சீக்கிரம் உருகும். "இது உருகுனா சூடு மிஞ்சிப்போச்சுன்னு அர்த்தம். இதை நான் பாத்துக்கறேன். மாவை நீ பாரு." சக்கரமும் துண்டும் சட்டிக்குள் இறங்கின.

பேச்சி அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்தாள். விறகை இழுப்பாள், தள்ளுவாள். அவ்வப்போது மாவைக் கிள்ளிப் போட்டு, அது மேலே வருவதைப் பார்ப்பாள். எதிரே போர்மேன் கம்பியைத் தூக்கித் தூக்கி ஈயத்தைப் பார்ப்பார். அது முனை மழுங்காமல் இருந்தது.

"என் புருசனைத் தூக்குற பல்லை என் சட்டியிலேயே பொரிக்கிறேன் பாருங்க" என்றாள் அவள். "உப்புப் பத்துமான்னு கேக்கத்தான் ஆளில்லே."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாவைக் கிள்ளினாள்.

மறுபடி டெலிபோன் அடித்தது. ஹமீது பாய் எடுத்தார். "இன்னும் கொஞ்ச நேரம். ஆமா, இன்னும் கொஞ்ச நேரம்" என்று மூன்று முறை சொன்னார். மூக்கன் பேசுகிறானா என்று பேச்சி கேட்டாள். "தண்ணி கேக்கறானாம்" என்றார். அவள் திரும்பவில்லை.

சட்டியிலிருந்து சக்கரத்தை எடுத்துத் துடைத்ததும், மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, பேச்சியின் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை உலர்த்திப் பொடித்து மேலே தூவினோம். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடு விழும். போர்மேன் ஒவ்வொரு பல்லின் அடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோடு இல்லை. துண்டைக் கொல்லுலைப் பக்கம் இருந்த வைஸில் பிடித்து அடித்தார். சுத்தியல் எகிறியது. மறுபடி எகிறியது. மூன்றாவது அடியில்தான் முறிந்தது. முறிந்த முகம் மணியாக இல்லை, சாம்பல் பட்டுப் போல இருந்தது.

"மாட்டு" என்றார்.

முதலில் கல் நிரப்பிய தொட்டியை ஒருமுறை இறக்கி ஏற்றினோம். போனது, வந்தது. இனி மூக்கனை ஏற்ற வேண்டும். அவனால் தனியாக உட்கார முடியாது, கூட ஒருவர் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கீழே இருந்து கம்பவுண்டர் வரலாம். ஆனால் சக்கரத்தில் கோளாறு என்று காலையில் கழற்றியதை அவர் டெலிபோனில் கேட்டிருந்தார், கேட்டவரை ஏறச் சொல்ல முடியாது. போர்மேன் தொட்டியைப் பிடித்து ஏறப் போனார்.

"பிரேக்குக்கு யாரு?" என்று கேட்டேன். "பாய் எஞ்சினை விட்டு வர முடியாது. எனக்குப் பிரேக்குத் தெரியாது. எனக்கு உக்காரத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் ஏறிவிட்டேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்காகக் காத்திருக்க எங்கும் ஆள் கிடையாது. அது சில வேலைகளுக்கு வசதி.

இறங்கும்போது பனி தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கீழே கம்பவுண்டரும் இரண்டு பேரும் மூக்கனைப் பலகையோடு சேர்த்துக் கட்டித் தொட்டியில் வைத்தார்கள். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மணிக்கம்பியை இழுத்தார்கள். வடம் விறைத்தது. தரை விலகியது.

பாதி வழியில், பள்ளம் மிக ஆழமாக இருக்கும் இடத்தில், தொட்டி ஒருமுறை உதறி நின்றது. வடத்துக் கண்ணி கப்பியில் ஏறும் இடம் அது, எப்போதும் அங்கே உதறும் என்று பிற்பாடு பாய் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. நான் மேலே இருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூக்கன் கண்ணைத் திறந்தான். "நின்னுருச்சா?"

"இல்லே."

"யாரு வின்ச்சிலே?"

"பாய். பிரேக்கிலே போர்மேன்."

"எம் பொண்டாட்டி?"

"அடுப்பிலே இருக்கா."

"இந்த நேரத்திலேயும் வடையா?" என்றான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

தொட்டி நகர்ந்தது. கொட்டகையின் தகரம் பனிக்குள்ளிருந்து வந்தது. ஆட்கள் பலகையைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள், பேச்சி கூடவே ஏறிக்கொண்டாள். ஜீப் வளைவில் மறையும்வரை போர்மேன் பிரேக்குக் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். ஹமீது பாய் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மூக்கனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தான். பின்னாளில் அந்த வின்ச்சின் பிரேக்கில் அவனைத்தான் உட்கார வைத்தார்கள்.

முறிந்த புதுத் துண்டின் ஒரு பாதியைப் போர்மேன் கூரை விளிம்பில் தொங்கவிட்டார். மழை முடிந்து, மார்கழிப் பனி முடிந்து, வெயில் வரும்வரை அது கிடந்தது. அவர் தினமும் காலையில் அதன் கீழே நின்று வேட்டி நுனியால் துடைத்து, வேட்டியைப் பார்ப்பார். வெள்ளையாகவே இருந்தது. பட்டறைக்குப் புது உஷ்ணமானி வந்தது. அவரே கேட்டு வாங்கினார். அதன் பிறகு அவர் கண் கழுவுவதை நான் பார்த்ததில்லை.

அந்தத் துண்டையும், துருப்பிடித்த முதல் துண்டின் மற்ற பாதியையும் ஒரே கம்பியில் கட்டித் தகட்டுக்கு நேர் மேலே ஆணியில் மாட்டினார். நான் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், பம்புச் சக்கரம் கொண்டுவந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே இரும்பா போர்மேன்? ஒண்ணு இப்படித் துருப்பிடிச்சிருக்கு, ஒண்ணு கண்ணாடியாட்டம் இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரே கம்பிதான்" என்றார் அவர். துருப்பிடித்ததைத் தொட்டார். "இது நான் பார்த்த பதம்." மற்றதைத் தொட்டார். "இது பேச்சி பார்த்த பதம்."